உதடு அவளுடையது

லெனின்கிராத். ஒலிப்பதிவுக் கூடம்.
கம்பளிச் செருப்பு போட வேண்டும், காலோசை ஆகாது.
சாப்பிடாமல் வரக்கூடாது:
பசித்த வயிறு முனகினால்
ஒலிவாங்கி அதையும் வாங்கிக்கொள்ளும்.

எதிரே திரையில்
ஜார்ஜியாவின் தேயிலைச் சரிவில்
ஒரு பெண் வாய் திறக்கிறாள்.
சத்தம் இல்லை.
சத்தம் நான்.

முதல் படத்தில் அவளுக்கு ஏழே வசனம்.
படச்சுருளை வெட்டி வளையமாய் ஒட்டிச் சுழலவிடுவார்கள்.
நாற்பது முறை அதே கூடையை இறக்குவாள்,
நாற்பது முறை அதே வியர்வையைத் துடைப்பாள்,
நாற்பது முறை “மழை வரும்” என்பாள்.
நான் முப்பத்தொன்பதில் பிடித்தேன்.
பெயர்ப் பட்டியலில் கடைசிக்கு முந்தியவள்:
லம்சீரா கொபாலியா. வயது பத்தொன்பதாம்.
எனக்கு நாற்பத்து மூன்று. பட்டியலில் இல்லை.

அவள் மொழியில் அம்மா ‘தேதா’.
இதழ் ஒட்டாத அம்மா.
என் மொழியில் ‘மாமா’. இரண்டு முறை ஒட்ட வேண்டும்.
தாயைத் தேடி அவள் ஓடும் காட்சியில்
திறந்த வாய்க்குள் மூடிய சொல்லைத் திணித்தேன்,
குழந்தையின் செருப்புக்குள் பெரிய காலைப்போல.
அதே ‘மாமா’ அவர்களிடம் அப்பா.
எங்களிடம் அப்பா ‘பாபா’.
அப்பாவைக் கூப்பிட்டபோது மட்டும்
மயிரிழை பிசகாமல் பொருந்தினோம்.

இரண்டாம் படத்தில் பேருந்து நடத்துநர்.
ஒன்றரை வருடத்தில் தேறியிருந்தாள்.
விளக்கு எங்கே விழுமென்று
கன்னத்துக்குத் தெரிந்திருந்தது.
பேசுமுன் மூச்சிழுப்பதை மறைக்கவும் கற்றுவிட்டாள்.
அந்த மூச்சைப் பார்த்துத்தான்
நான் வாயெடுப்பது வழக்கம்.
ஏறுபல்லையும் யாரோ சீராக்கிவிட்டார்கள்.
அந்த இடுக்கில் கசியும் காற்றை
என் கட்டுப்பல்லில் பழகி வைத்திருந்தேன்,
வீணாய்ப் போயிற்று.
யார் சொன்னது, யார் பணம் கட்டியது,
மருத்துவர் நாற்காலியில் அழுதாளா,
இதெல்லாம் வளையத்தில் வராது.
மெலிந்திருந்தாள். அது வந்தது.

பத்திரிகை எழுதியது:
“குரலிலேயே மலைக்காற்று வீசுகிறது.”
நான் சதுப்பு நிலத்தில் பிறந்தவள்.
கத்தரித்துச் சர்க்கரை டப்பாவில் வைத்தேன்.

மூன்றாம் படத்தில் அவள்தான் எல்லாம்.
எண்பத்தாறு வளையம், எனக்கு மூன்று மாத வாடகை.
கல்யாணக் காட்சி. மாப்பிள்ளையின் தொப்பி
திராட்சை மதுச் சாடிக்குள் விழுகிறது.
அவள் சிரித்துவிடுகிறாள்.
கதையில் இல்லாத சிரிப்பு அது;
பின்னால் நிற்கிற கிழவன் திகைத்துக்
கேமராவையே பார்க்கிறான்.
இயக்குநர் வெட்டவில்லை.

வெனியமின் அன்றுதான் முதன்முறையாக
மூல ஒலியைப் போட்டுக் காட்டினான்.
தடித்த குரல். அடியில் மணல்.
மூன்று படமாய் அவளுக்கு நான் தந்தது
வெள்ளிக் கரண்டி.

ஏழெட்டு முறை சிரித்துப் பார்த்தேன்,
பனியில் படியிறங்குபவள்போல.
“வரவில்லை, வெனியமின்.
அவளுடையதையே விட்டுவிடு.”
வந்திருக்கும்.
இன்னொரு தடவையில் வந்திருக்கும்.

காசு கொடுத்துத்தான் போய்ப் பார்த்தேன்.
தொப்பி விழுந்தது.
என் வாக்கியம் முடிந்த இடத்தில்
அவள் தொடங்கினாள்.
பக்கத்து இருக்கைக்காரர்
சூரியகாந்தி விதை கொறிப்பதை நிறுத்தினார்:
“பேசும்போது ஒருத்தி, சிரிக்கும்போது வேறொருத்தி,
கவனித்தீர்களா?”
“இல்லையே” என்றேன்,
தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு.

நான்காம் படத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.
இளங்குரல் வேண்டுமாம்.
நவம்பரில் பார்த்தேன். பரவாயில்லை, அந்தப் பெண்
பாதி நொடி முந்திவிடுகிறாள், சரியாகிவிடும்.
லம்சீரா இப்போது வேறெங்கோ பார்த்தபடி
ஒரு கடிதத்தைக் கிழிக்கப் பழகியிருக்கிறாள்.
இருட்டில், ஐந்தாவது வரிசையில்,
அவள் உதடு அசைந்தபோதெல்லாம்
என் தொண்டை அசைந்தது.